தேன் சேராத மூன்று உருண்டைகள்

மருந்து கசப்பது நம்மைத் தண்டிப்பதற்காக என்று உலகம் நம்புகிறது. இது மிகக் கடுமையான பிழை. இதைத் திருத்தாமல் கதையைத் தொடங்குவது முறையல்ல. மருந்து கசப்பது தேனீக்களின் மேலுள்ள மரியாதையால்.

நெடுங்காலத்துக்கு முன்பு, மரங்களுக்குக் காது கேட்ட காலத்தில், கொற்றன் என்றொரு விறகுவெட்டி இருந்தான். அவன் ஊர் மலைமேல் சமணப் பெண் துறவியரின் மடம். மடத்து வாசலில் ஒரு கடுக்காய் மரம். மந்திரக்கோல் செய்ய அதை வெட்டித் தரச் சொன்னான் கரும்பல்லன் என்ற மந்திரவாதி.

"ஊருக்கே மருந்து தரும் மரம். வெட்டமாட்டேன்."

"அப்படியானால் நீயே மரமாகு!"

காலையில் கால் மரமானது. நண்பகலில் இடுப்பு மரமானது. கழுத்தும் மரமானால் மூச்சு நின்றுவிடும்.

மனைவி சாத்தி மலைக்கு ஓடினாள். மடத்துத் தலைவி குரத்தியார் உடனே மருந்து செய்யக் கிளம்பினார். ஓரடி வைத்தார், மயிற்பீலியால் தரையைக் கூட்டினார். இன்னோரடி வைத்தார், கூட்டினார்.

"தாயே, கொஞ்சம் சீக்கிரம்!"

"எறும்புக்கும் அவசரம் இருக்கும், மகளே."

உதிர்ந்த காய்களை மட்டும் பொறுக்கி, இடித்து, மூன்று உருண்டைகள் பிடித்துத் தந்தார்.

"மூன்றையும் தின்னட்டும். கசக்கும். தேன் மட்டும் சேர்க்காதே. தேனீயைக் கேட்காமல் எடுத்த பொருள் அது. சேர்ந்தால் மருந்து வெறும் மண்."

சாத்தி திரும்பியபோது மரம் மார்புவரை ஏறி, கைகளையும் பிடித்திருந்தது. பக்கத்தில் ஒரு தேன்காரன், பானையோடு.

"ஒரு சொட்டு குழைத்துக் கொடு, தங்கச்சி. பாவம், கசக்குமே!"

"எவ்வளவு நல்ல மனுஷன்! கேளேன், சாத்தி," என்றான் கொற்றன்.

"நீ வாயை மூடு. இல்லை, திற!"

தேன்காரன் சிரித்தான். பல்லெல்லாம் கறுப்பு. சாத்திக்குப் புரிந்துவிட்டது. பானையைப் பிடுங்கி அவன் தலையிலேயே கவிழ்த்தாள். காட்டுத் தேனீக்கள் எல்லாம் தங்கள் சொத்தைத் தேடி வந்தன. கரும்பல்லன் ஓடிய ஓட்டத்தில் மூன்று மலைகள் பின்னால் போயின. அவன் திரும்பவே இல்லை.

முதல் உருண்டைக்கு மார்பு இளகியது. இரண்டாவதற்கு இடுப்பும் காலும் இளகின. மூன்றாவதற்குக் கைகள் அசைந்தன. கொற்றன் நீளமாக மூச்சுவிட்டான். சாத்தி அதைவிட நீளமாக விட்டாள். மலைமேல் கடுக்காய் மரமும் நின்றது, கீழே கொற்றனும் நின்றான்.

மூன்றாவது உருண்டையின் கடைசித் துண்டை அவன் விறகுக்கட்டுக்குப் பின்னால் துப்பியதை அவள் பார்க்கவில்லை.

ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் அவனுடைய இடதுகைச் சுண்டுவிரலில் இரண்டு இலைகள் துளிர்த்தன.