பல்லியாகிப்போன ஹார்ட் டிஸ்க்

ஓர் ஊரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ. அங்கிருந்த கம்ப்யூட்டருக்குள் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று குடியிருந்தது. அதன் வயிற்றில் நூற்றுப் பன்னிரண்டு கல்யாணங்கள். படங்களை அதற்குள் இறக்கியதும், கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிடுவார்கள். தன்னை விட்டால் அந்த முகங்களுக்கு வேறு இடம் இல்லை என்பது அதற்குத் தெரியும்.

ஒருநாள் அதற்குள் படம் பதியும் இடங்களில் மூன்று செத்துப்போயின. மறுவாரம் எண்ணியபோது பதினேழு. பயத்தில், படங்களைப் படிக்கும் அதன் ஊசிக்கை அடித்துக்கொண்டது. டக், டக், டக்.

வெளியே ஸ்டூடியோக்காரர் தவசிமணியிடம் அவர் மனைவி பூரணம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"புதுசு ஒன்னு வாங்கி மாத்துங்க. சண்முகக்கனிக்கு இன்னும் ஆல்பம் போடல. தாரை வார்த்துக் குடுத்த பதினாறாம் நாள் அவ அப்பா போய்ச் சேர்ந்துட்டாரு. அந்தப் படமெல்லாம் இதுக்குள்ளதான் கிடக்கு."

"இப்ப விக்கிற மாடல் சூடாகுதாம். கம்பெனிக்காரன் திருத்தி விடப்போறானாம். அது வரட்டும்."

டக், டக், டக்.

"பாரு, பல்லியே சரின்னுடுச்சு." அவர் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டார்.

திருத்திய மாடல் வந்தது. அதைவிட நல்லது தையில் வருகிறது என்றார்கள். "அதையும் பார்த்துடுவோம்" என்றார். ஹார்ட் டிஸ்க் அலறியது. அவர் மறுபடி மேசையைத் தட்டினார்.

பெட்டிக்குள் பக்கத்தில் சுற்றிய விசிறிக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணே, நீங்க கத்தக் கத்தத்தான் மனுஷன் தள்ளிப்போடுறாரு. உங்களைப் பல்லியாவே ஆக்கிட்டாரு."

"இருநூற்றுப் பத்து இடம் போச்சுடா. வேற என்ன செய்ய?"

"வாயை மூடிட்டு இருங்க. என்னைக்காவது வாங்கலாம்னு சொல்வாரு. அப்ப அடிங்க. அதுக்கும் பல்லி சரின்னதா எடுத்துக்குவாரு."

யோசனை சரியாகப் பட்டது. அன்றிலிருந்து அது சத்தத்தை அடக்கிக்கொண்டது. நானூறு. எழுநூற்று நாற்பது. சண்முகக்கனியின் மாலை போனது, தாரை வார்த்த செம்பு போனது. அப்பாவின் முகம் மட்டும் மிச்சம். கத்த வேண்டும் போலிருந்தது. இப்போது வேண்டாம், இப்போது வேண்டாம் என்று நடுங்கிக்கொண்டே காத்திருந்தது.

தை பிறந்து ஒரு காலையில் சண்முகக்கனி வந்தாள்.

"அண்ணே, அப்பா படம் ஒன்னு போட்டுக் குடுங்க. வெள்ளிக்கிழமை தலைத்திவசம். வீட்ல அவர் படமே இல்ல."

தவசிமணி கம்ப்யூட்டரைத் திறந்தார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றுவிட்டது.

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "இனி தாங்காது பூரணம். இன்னைக்கே புதுசு வாங்கிடலாமா?"

சொல்லிவிட்டு, வழக்கம்போல் சுவர்ப்பக்கம் காதைக் கொடுத்தார்.

விசிறி தன் இரைச்சலைக் குறைத்துக்கொண்டது. "இப்பத்தாண்ணே. அடிங்க."

ஹார்ட் டிஸ்க் மிச்சமிருந்த உயிரையெல்லாம் திரட்டியது. ஊசிக்கை அசையவில்லை.

"அண்ணே?" என்றது விசிறி.

தவசிமணி இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தார். "பல்லி ஒன்னும் சொல்லலையே" என்றார். "அடுத்ததே வரட்டும்."