வாசலில் போட்ட நாற்காலி

பைபாஸ் ரோடு வளைகிற இடத்தில் ஒரு மடம். மடத்துச் சாமியார் பெயர் நீலகண்டர். மடப்பள்ளியில் சமையல் பார்த்தவர் மாசிலாமணி, தலை நரைத்த சீடர். தன் சாமியின் பெருமை ஊர் உலகத்துக்குத் தெரியவேண்டும் என்று இந்த மனுஷனுக்கு ஓயாத அரிப்பு. பின்கட்டில் கிடந்த பிரம்பு நாற்காலியைத் தூக்கிவந்து ரோட்டுக்கு நேரே வாசலில் போட்டவரும் அவர்தான்.

காலையில் சாமியார் அதில் உட்கார்ந்து கை தூக்கி ஆசி கொடுப்பார். லாரிக்காரர், பஸ்காரர் எல்லாரும் ஸ்டியரிங்கை விட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வளைவில் திரும்புவார்கள். பார்க்கப் பார்க்க மாசிலாமணிக்கு உச்சி குளிரும்.

அந்த வளைவில்தான் அவர் தங்கை புருஷன் செல்லையா பஸ்ஸில் அடிபட்டுச் செத்துப்போனான். பால் கேனோடு சைக்கிளில் ஓரமாகப் போனவன். ஒரு பாவமும் அறியாதவன்.

காரியம் முடிந்ததும் மாசிலாமணி மடத்துக்கு வந்தார். சாமியாரைக் கும்பிடவில்லை.

"தங்கச்சி கேக்குறா சாமி. 'உங்க சாமி கை தூக்கிட்டுத்தானே உட்கார்ந்திருந்தாரு, என் வீட்டுக்காரர் எப்படிண்ணே செத்தாரு'ன்னு. பதில் இல்லாம என் முகத்துல முழிக்காதேன்னுட்டா."

மாசிலாமணியே மேலும் கேட்டார்.

"விதிங்களா?"

"தெரியலையே."

"ரோடு சரியில்லையா?"

"குண்டும் குழியும் இல்லையே. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப என்னதான் சாமி? எனக்கு ஒண்ணுமே புரியலை. ராவெல்லாம் தூக்கமில்லை."

"பஸ் ஓட்டினவனைக் கேட்டியா?"

"அந்தப் படுபாவியை எதுக்குக் கேக்கணும்?"

"ஸ்டேஷன்லருந்து வெளிய வந்ததும் நேரா இங்கதான் வந்தான். 'சாமியைக் கும்பிட்டுட்டு நிமிர்ந்தேன், முன்னால சைக்கிள்'னு சொல்லி அழுதான்."

மாசிலாமணிக்கு ஆவேசம் வந்துவிட்டது. "கும்பிட்டவனுக்கா இந்தக் கதி? அப்ப ஆசி பத்தலை சாமி! நாற்காலிக்கு மேடை கட்டிடுவோம். தூரத்துல வரும்போதே தெரியிற மாதிரி பெரிய லைட்டா ஒண்ணு போட்டுட்டா..."

சாமியார் எழுந்தார். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தார். "குடுங்க சாமி, குடுங்க சாமி" என்று சீடர் பின்னாலேயே ஓடினார். சாமியார் கொடுக்கவில்லை. மாட்டுக்கொட்டகையைத் தாண்டிப் போய், சுவரைப் பார்க்கப் போட்டார்.

"என்ன சாமி இது கூத்து? ரோட்டுக்கு முதுகைக் காட்டிட்டா வண்டிக்காரங்களுக்கு யார் துணை?"

"அவனவன் ரெண்டு கைதான்."

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் திரும்பியது. மாசிலாமணி திடுக்கிட்டு அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கலங்கிய கண்ணோடு சாமியாரைப் பார்த்தார்.

"என் தங்கச்சிகிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே வரேன்." சாமியார் செருப்பைத் தேடினார். "அந்த டிரைவர் கையை எடுத்தது எனக்காகத்தான்னு சொல்றேன். அப்புறம் அவ என்ன ஏசினாலும் கேட்டுக்கறேன்."

மாசிலாமணி நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை வாசல்ல கொண்டுபோய்ப் போட்டது நான்தானே சாமி..."

"உட்கார்ந்தது நான்தானே. கிளம்பு."