சூடாக்காமல் விட்ட லாரி

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஆலை. அங்கே ஒரு டீசல் லாரி. விடியற்காலைக் குளிரில் அதைக் கிளப்புவதற்குள் டிரைவர் பெள்ளிராஜுக்குப் பாதி உயிர் போய்விடும். ஆனால் ஒன்பது மணிக்கு இன்ஜினியர் ஐயா வந்து சாவியைத் திருப்பினால் உடனே கிளம்பிவிடும்.

"கோளாறு வண்டியில இல்ல, உன் கையிலதான். நாளைக்கும் இதே புகார் சொன்னா வேலை கிடையாது" என்றார் ஐயா.

மறுநாளும் ஒன்பது மணிக்கு வந்து சாவியைத் திருப்பினார். லாரி முனகியது, கிளம்பவில்லை. பேட்டரிதான் ஓய்ந்தது.

"புகைகூட வரலீங்க. ராத்திரி டீசல் பைப்புல காத்து புகுந்து, டீசல் டேங்குக்கே திரும்ப இறங்கிடுது" என்றான் பெள்ளிராஜ், அலுப்போடு.

"அப்ப இத்தனை நாள் என் கைக்கு எப்படி எடுத்துச்சு?"

"நீங்க பனியில காத்து நிக்கக் கூடாதேன்னு, ஆறு மணியிலிருந்து மல்லுக்கட்டிக் கிளப்பிச் சூடாக்கி வெப்பேனுங்க. இன்னிக்குத்தான் அந்த மரியாதைய விட்டுட்டேன்."

ஐயா சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு, புதுப் பைப் வாங்க எழுதிக் கொடுக்கப் போனார்.