சரிவுக்குப் போகாத கன்றுகள்

காட்டுத் தீயில் கரிந்துபோன ஒரு மலைச்சரிவு. அதன் அடிவாரத்தில், ஓடைக்கரையில், கோரையன் என்ற முள்ளம்பன்றி நாற்றங்கால் போட்டு மரக்கன்றுகள் வளர்த்து வந்தது. பக்கத்துப் புதரில் மருதி என்ற புள்ளிமான் குடியிருந்தது.

மொட்டைச் சரிவில் மறுபடியும் மரம் நிற்க வேண்டும். இரண்டுக்கும் அதுதான் ஆசை. மருதி காடெல்லாம் அலைந்து நாவல், புங்கு, வேங்கை விதைகளைக் கவ்விக்கொண்டு வரும். கோரையன் மண்ணைக் கிளறிப் பாத்தி கட்டி ஊன்றும்.

சித்திரை வெயிலுக்கு ஓடையிலிருந்து வாய்க்கால் கீறித் தண்ணீர் விட்டது. ஆடிக் காற்றுக்குச் சுள்ளி வேலி கட்டியது. மார்கழிப் பனிக்குக் காய்ந்த புல்லைப் போர்த்தியது. தாய்கூட அப்படிப் பார்க்கமாட்டாள்.

முதல் ஐப்பசியில் இரண்டும் பத்துக் கன்றுகளைச் சரிவில் நட்டன. பங்குனி வெயிலில் ஏழு கருகின. கோரையன் இரண்டு நாள் எதுவும் தின்னாமல் படுத்துக் கிடந்தது.

அடுத்த ஐப்பசி வந்தது. மழை பிடித்ததும் மருதி ஓடி வந்தது.

“அண்ணே, மண் நல்லா நனைஞ்சிருக்கு! கன்றுகளை எடுங்க, நட்டுடலாம்!”

“இன்னும் முழங்கால் உயரம்கூட வரலையே! போன தடவை ஏழு செத்ததை மறந்துட்டியா?”

“மூணு பிழைச்சிருக்கே!”

“செத்த ஏழும் நான் வளர்த்ததும்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

“மழைக்கு மழை சரிவு கரைஞ்சு வருது அண்ணே. பிடிச்சு நிறுத்த வேர் இல்லாம அது எத்தனை நாள் தாங்கும்?”

“என் கன்றுகளைச் சாகக் கொடுக்கமாட்டேன்!” கோரையன் முட்களைச் சிலிர்த்தது. மருதி திரும்பிப் போனது.

கன்றுகள் நிழலில் தளதளவென்று வளர்ந்தன. கோரையன் காலையில் எழுந்ததும் அவற்றைத்தான் பார்க்கும். அந்த வருஷம் மருதி தன் புதரில் ஒரு குட்டி ஈன்றது.

மூன்றாம் ஐப்பசியில் மழை விடாமல் ஒன்பது நாள் கொட்டியது. பத்தாம் நாள் காலை ஓடைத் தண்ணீர் செம்மண்ணாய் ஓடியது. மேலே சரிவு கரைகிறது என்று தெரிந்ததும் கோரையன் புதரைப் பார்த்துக் கத்தியது.

“மருதி! ஓடி வா! எல்லாத்தையும் இப்பவே நட்டுடலாம்!”

இரண்டும் பாத்தியைத் தோண்டின. உள்ளே வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒரு கன்றை இழுத்தன. ஆணிவேர் அறுந்தது. இன்னொன்றை இழுத்தன. அதுவும் அறுந்தது.

“ஐயோ! பிரிக்கவே முடியலையே!” என்று கோரையன் அலறியது.

அப்போது மேலே மலை உறுமியது. சரிவு மொத்தமாகப் பெயர்ந்து இறங்கியது. மருதி ஒரே தாவாகத் தாவியது. கோரையன் ஒரு பாறை இடுக்கில் போய் விழுந்தது. சேறு நாற்றங்காலை மூடியது. பக்கத்துப் புதரையும் மூடியது. புதருக்குள் மருதியின் குட்டி படுத்திருந்தது.

கோரையன் நகம் பிய்ந்து ரத்தம் வரும்வரை சேற்றைத் தோண்டியது. குட்டி கிடைக்கவில்லை.

“அன்னைக்கே கன்றுகளைக் கொடுத்திருந்தா உன் குட்டி பிழைச்சிருக்குமா மருதி?”

“தெரியலை அண்ணே. சில கன்றாவது வேர் பிடிச்சிருக்கும். அது போதுமா இருந்திருக்குமோ என்னவோ! இனிமே யாருக்குத் தெரியும்?”

மருதி எதிர்மலை ஏறிப் போனது. திரும்பிப் பார்க்கவில்லை. கோரையன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டது.

இழந்துவிடுவோமோ என்று அஞ்சி, கொடுக்க வேண்டிய காலத்தில் கொடுக்காமல் பொத்தி வைத்தால், வைத்ததும் போகும், அதை நம்பியிருந்தவர்களும் போவார்கள்.