நீலச் சீலும் குழாயடியும்

தர்மசேன நயினார் அரசாங்கக் கால்நடை மருத்துவர்; பிறப்பால் சமணர். பொழுது சாய்ந்தால் ஒரு பருக்கை வாயில் படாது. எறும்பு வரிசை குறுக்கே போனால் நின்று வழிவிட்டுத்தான் நடப்பார். அப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுபோய் ஆடு அறுக்கும் நகராட்சி ஆட்டுத்தொட்டியில் போட்டார்களே, அந்தப் புண்ணியவான்களை என்ன சொல்ல!

அறுப்புக்கு வரும் ஆடுகளை ஞாயிறு விடியலில் சோதித்து, நோயில்லாத ஆட்டின் முதுகில் நீலச் சீல் குத்துவது அவர் வேலை. சீல் இல்லாத ஆட்டை அறுக்கக் கூடாது என்பது சட்டம். கொல்லாதே, கொல்லச் செய்யாதே, கொல்வதற்கு உடன்படாதே என்பது அவர் மதம். நடுவில் அகப்பட்டு டாக்டர் பாதியாக இளைத்துப்போனார்.

மாற்றல் கேட்கலாமென்றால் கறிக்கடை பாட்சா பாய் விடவில்லை. "நீங்க பாத்த ஆடுன்னாதான் ஜனங்க நம்பி வாங்குறாங்க. போயிடாதீங்க டாக்டரய்யா."

உதவியாளர் ஆரோக்கியமேரிதான் ஒரு வழி கண்டாள். டாக்டர் நோயுள்ள ஆடுகளைப் பிரித்துவிட்டுக் குழாயடிக்குக் கை கழுவப் போவார். மேரி மளமளவென்று சீலைக் குத்திவிட்டு லேசாக இருமுவாள். அந்த இருமல் கேட்கும்வரை டாக்டர் கழுவிக்கொண்டே இருப்பார். இதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஞாயிறு மேரிக்கு விடுமுறைதான், இதற்காகவே வந்துபோனாள்.

ஒரு ஞாயிறு மேரி வரவில்லை, மகளுக்குப் பிரசவம். டாக்டர் ஆடுகளைப் பார்த்து முடித்தார். சீலை எடுக்கக் கை வரவில்லை. பாய்க்கு மனசு கேட்கவில்லை.

"நீங்க போய்க் கையக் கழுவுங்கய்யா. நான் பாத்துக்கறேன்."

டாக்டர் போனார். தாமதமாக வந்த வேனிலிருந்து இறங்கிய ஆடுகளும் தொட்டிக்குள் கலந்ததை, குத்தும் மும்முரத்தில் பாய் கவனிக்கவில்லை.

பின்னால் இருமல் கேட்டது. வழக்கம்போல் டாக்டர் திரும்பினார். இருமியது ஓர் ஆடு. மூக்கில் சளி ஒழுக நின்றது. அவர் பார்க்காத ஆடு. முதுகில் அவருடைய சீல்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "சத்தியமா தெரியாதுய்யா!"

டாக்டர் கோபிக்கவில்லை. எல்லாச் சீலையும் துடைக்கச் சொன்னார். ஆடுகளை மறுபடி பார்த்து, நோயுள்ளதை ஒதுக்கினார். மற்றவற்றின் நெற்றியைத் தடவிக்கொடுத்துத் தாமே சீல் குத்தினார். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

டாக்டரின் கொல்லா விரதத்தைக் காக்கக் குத்தியவள் மேரி. அவர் மனம் நோகக் கூடாதென்று குத்தியவர் பாய். கடைசியில் தாமே குத்தியவர் டாக்டர். இதில் யார் செய்தது சரி? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: டாக்டர் அன்று செய்ததுதான் சரி. ஆனால் விரதம் அன்றுதான் முறிந்தது என்று நினைக்காதீர்கள். கொல்லச் செய்யாதே என்று நடுவில் ஒன்று இருந்ததே, அது அவர் கை கழுவப் போன முதல் நாளே முறிந்துவிட்டது. சீல் என்பது 'நான் பார்த்தேன்' என்ற வாக்கு. பார்த்தவர்தான் குத்த வேண்டும். மனம் ஒப்பாவிட்டால் நாற்காலியை விடலாம், சீலை இன்னொருவர் கையில் விடக் கூடாது. டாக்டர் மாற்றல் கேட்டார். அது வரும்வரை தாமே குத்தினார். பேரன் பிறந்த மிட்டாயோடு வந்த மேரியிடம், "இனிமே நானே குத்திக்கிறேம்மா" என்றார். அவள் முகம் மலர்ந்தது. "அப்ப இனிமே ஞாயித்துக்கிழமை நான் மாதா கோயில் பூசைக்குப் போவலாமா ஐயா?" என்று கேட்டாள். அவளுக்கும் ஒரு சாமி உண்டு என்பது அதுவரை டாக்டருக்குத் தோன்றவேயில்லை.