மேடம் போடாத கையெழுத்து

விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. பயிற்சிக் கூடத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது. படுத்த மாடு எழுந்திருக்க முடியாமல் முக்குமே, அப்படி.

கேட்டுக்கு வெளியே நின்றிருந்த தணிகாசலம் ஒரே ஓட்டமாக உள்ளே ஓடினார். ராணுவத்தில் பத்தொன்பது வருஷம் மோட்டாரோடும் ஜெனரேட்டரோடும் குடும்பம் நடத்தி, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும்.

“மேடம்! ஒரு ஃபேஸ்ல கரண்ட் வரல. ஆஃப் பண்ணுங்க, மோட்டார் காயில் வெந்துடும்!”

பிலோமினா மேடம் சுவிட்சை அணைத்தார். முனகல் நின்றது.

“தெரியும்ணா. நான்தான் ஒரு ஃபியூஸைப் பிடுங்கிட்டு ஓட்டினேன்.”

“ஏன் மேடம்?”

“பத்து நிமிஷமா கேட்டுப் பக்கத்துல நிக்கிறீங்க, உள்ள வான்னு யாராச்சும் சொல்லட்டும்னு. உங்களை வேற எப்படிக் கூப்பிடறது?”

ஓய்வு பெற்ற படைவீரர்களுக்கு வயரிங் சொல்லிக்கொடுக்கும் கூடம் அது. மேடத்துக்கு வயது இருபத்தெட்டு. மாணவர்கள் பதினாலு பேருக்கும் மீசை உண்டு, பென்ஷன் உண்டு. பேரன் எடுத்தவர்கூட ஒருவர் உண்டு.

தணிகாசலம் விறைப்பாக நின்றுகொண்டு கேட்டார்.

“கூடப் படிச்ச பதிமூணு பேருக்கும் கையெழுத்துப் போட்டுட்டீங்க. எனக்கு மட்டும் போடல. என் வேலையில என்ன குத்தம் மேடம்?”

“ஒரு குத்தமும் இல்ல. உங்களை மாதிரி எனக்கே வயர் இழுக்க வராது.”

“அப்ப?”

“நாளைக்கு வாங்கண்ணா.”

அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் வயர்மேன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க முடியும். விண்ணப்பித்த ரசீதைக் காட்டினால் உள்ளூர் ஆஸ்பத்திரியில் வேலை. இல்லையென்றால் ஓசூரில் ஏதோ ஒரு ஏடிஎம் வாசலில் காவல்.

அவருடைய மகள் பிறந்ததிலிருந்து அப்பாவை லீவில் வரும் விருந்தாளியாகத்தான் பார்த்திருக்கிறாள். ஓய்வு பெற்று வந்த இந்த எட்டு மாதத்தில்தான் அவர் தட்டிலிருந்து அப்பளம் திருடும் அளவுக்குப் பழகியிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் திங்கட்கிழமை வரைக்கும்தான் இடத்தை வைத்திருப்பார்கள்.

*

மறுநாள்.

போர்டைத் திறந்து போட்டு, இரண்டு வயர் முனையை ஒன்றோடொன்று ஒட்டவிட்டிருந்தார் மேடம்.

“மெயினைப் போடுங்கண்ணா.”

“ஜீ மேடம்!”

போட்டார்.

‘டமார்’ என்றது. ஃபியூஸ் போய்க் கூடமே புகைந்தது. பின்னாலிருந்து யாரோ, “ஹவில்தாருக்கு மட்டும் தீபாவளி முன்னாடியே வந்துட்டுதுடோய்!” என்றார்கள்.

“வயர் ஒட்டியிருந்ததைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன் மேடம்.”

“அப்புறம் ஏன் போட்டீங்க?”

“நீங்க சொன்னீங்களே.”

மேடம் பேனாவை மூடிவிட்டார்.

*

அதற்கு மறுநாள். மேலே கரண்ட் ஓடும் கம்பி. கீழே இரும்பு ஏணி.

“ஏறுங்கண்ணா.”

நான்கு படி ஏறிவிட்டார். மேடம் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

“மூங்கில் ஏணி பக்கத்துலயே இருக்கு, கண்ணு தெரியலையா?”

“தெரிஞ்சுது மேடம். ஆனா நீங்க...”

“சொன்னேன். ஆமா, சொன்னேன்.”

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

“சொன்னதைச் செஞ்சது தப்பா மேடம்? சொன்னதைச் செஞ்சதுக்குத்தான் எனக்கு ரெண்டு மெடல் குடுத்தாங்க.”

மேடம் விண்ணப்பத் தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தார்.

“இதுல உங்க ஆபீசர் கையெழுத்துப் போடற இடம் எங்க இருக்குன்னு காட்டுங்க.”

தணிகாசலம் மேலிருந்து கீழ்வரை விரல் ஓட்டினார். திருப்பிப் பார்த்தார். மேடம் போட ஒரு இடம். அவர் போட ஒரு இடம். அவ்வளவுதான்.

“காணோமே மேடம்.”

“தேடுங்க.”

மேடம் டீ குடிக்கப் போய்விட்டார்.

*

வீட்டில் சோறு இறங்கவில்லை.

“யாரும் சொல்லாம எப்படி ஒண்ணு செய்யறது, செங்கமலம்?” என்று மனைவியிடம் கேட்டார்.

செங்கமலம் ரசத்தை ஊற்றினாள்.

“நம்ம கல்யாணத்துல ஐயர் மந்திரமே சொல்லி முடிக்கல. அதுக்குள்ள தாலியைக் கட்டிட்டீங்க. அன்னிக்கு எந்த ஆபீசர் ஆர்டர் போட்டாரு?”

மகள் சிரித்துக்கொண்டே அப்பளத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

*

சனிக்கிழமை கூடத்தில் ஆண்டு விழா. தலைமை தாங்க ஒரு கர்னல் வந்திருந்தார். ஓய்வு பெற்றவர்தான், ஆனால் குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

நாற்காலி போட்டாயிற்று, மாலை வந்தாயிற்று. பந்தலில்தான் விளக்கில்லை. நுழைவாயில் மேலே சீரியல் பல்பு வயர் அறுந்துபோனதில், பந்தல் முழுக்க இருட்டு.

மெயினை அணைத்துவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் மேடமே புடவையைச் செருகிக்கொண்டு மூங்கில் ஏணியில் ஏறிவிட்டார். வாயில் ஸ்க்ரூ டிரைவர். இரண்டு கையிலும் தோல் உரித்த செம்புக் கம்பி.

சுவிட்ச் அறை வாசலில் தணிகாசலத்தை நிறுத்தியிருந்தார்கள்.

“ஹவில்தார்!” என்று கர்னல் கத்தினார். “என்னய்யா இருட்டு? போடு மெயினை!”

“ஜீ சாப்!”

வார்த்தை தானாக வந்தது. குதிகால் இரண்டும் தானாகச் சேர்ந்தன. கை தானாக மெயினுக்குப் போயிற்று.

மேடத்துக்கும் அது கேட்டது. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஏணி மேலிருந்து தணிகாசலத்தை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து, கம்பியை முறுக்க ஆரம்பித்தார்.

தணிகாசலத்தின் கை அந்தரத்தில் நின்றது.

“என்னய்யா நிக்கிற?”

பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்த நாளிலிருந்து, ஆபீசர் எவரிடமும் அவர் சொல்லாத வார்த்தை ஒன்று நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

“முடியாது சாப்.”

பதிமூன்று மீசைகளும் திரும்பின.

“என்னது?”

“மேடம் கீழ இறங்கட்டும். கையை உதறிக் காட்டட்டும். அப்புறம் போடறேன்.”

“அவங்க முடிச்சிருப்பாங்கய்யா! நான் ஆர்டர் போடறேன், காதுல விழுதா?”

“நல்லா விழுது சாப்.”

சொல்லிவிட்டு அசையாமல் நின்றார். உள்ளுக்குள் ஏதோ குளிர்ந்தது. சிரிப்பு வரும்போல இருந்தது.

“சரியான பிடிவாதக்காரனா இருக்கியே! நகரு, நானே போட்டுக்கறேன்.” கர்னல் மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வந்தார்.

ஏணி மேலே மேடம் வாயிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார்.

“கீழ யார்கிட்டயாச்சும் பேனா இருக்கா?”

பதிமூன்று பேரும் ஒரே நேரத்தில் சட்டைப் பையைத் தடவினார்கள்.

தணிகாசலம் கர்னலுக்கு ஒரு சல்யூட் அடித்தார். பட்டாளத்தில்கூட அவ்வளவு அழகாக அடித்ததில்லை. அப்படியே பின்னால் ஓர் அடி வைத்து சுவிட்ச் அறைக்குள் நுழைந்தார். கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.