மூடுபனிக்குள் பச்சைக் கோட்டு

“எந்தப் பைய மாட்டிக்கிட்டுப் போனா உயிரோட திரும்பலாம்?” என்று கேட்டார் அருளப்பன்.

பேச்சியம்மா வன விடுதியின் சிமெண்டுத் தரையில் அவர் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்தபடி நின்றாள்.

மூன்று பைகள். நான்கு மழைக்கோட்டுகள்.

அருளப்பனுக்கு ஐம்பத்தேழு வயது. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறவர். அடைமழையில், மலைமுகட்டில் மட்டும் பூக்கும் ஒரு சின்னப் பூவைப் பற்றி வருடா வருடம் பாடம் எடுப்பார். நேரில் பார்த்ததில்லை. மலை என்றால் அவருக்கு அவ்வளவு பயம். அடுத்த மாதம் பணி ஓய்வு.

பேச்சியம்மாவுக்கு முப்பத்தொன்று. அந்தக் காட்டில் வேட்டைத் தடுப்புக் காவலர். மழைக்காலத்தில் முகட்டுக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் அவளிடம் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

“எதுக்கெல்லாம் பயம், சார்?”

“யானை. சிறுத்தை. வழுக்குறது. வழி தவறிப் போறது.” கொஞ்சம் நிறுத்தினார். “குளிர்ல வெறச்சுப் போயிருவமோன்னு.”

அவள் உள்ளே போய் ஒரு வாளி தண்ணீர் கொண்டு வந்தாள். ஓடைத் தண்ணீர்.

“ரெண்டு கையையும் உள்ள விடுங்க.”

விட்டார். சற்று நேரத்தில் விரல்கள் வலித்தன. பிறகு வலியும் போயிற்று.

“இப்ப எடுங்க. முதல் பைய மாட்டுங்க. கண்ண மூடிக்கிட்டுக் கழட்டுங்க.”

அது பட்டாளத்துப் பை. இருபத்திரண்டு அறைகள். எங்கு தொட்டாலும் வார். நெஞ்சுப் பட்டையின் கொக்கி எங்கோ மடிப்புக்குள் இருந்தது. விரலுக்கு எதுவும் தெரியவில்லை. அவள் நூறு வரை எண்ணினாள். பை முதுகிலேயே இருந்தது.

இரண்டாவதும் அப்படித்தான்.

மூன்றாவது பை பார்க்க ஒன்றுமில்லை. ஒரே வாய். இரண்டு பெரிய பிளாஸ்டிக் கிளிப்புகள். இருபது எண்ணுவதற்குள் கீழே விழுந்தது.

“இது,” என்றாள் பேச்சியம்மா.

அருளப்பனுக்குப் பாதி நிம்மதி. “கோட்டு?”

“அத நீங்களே எடுங்க.”

அவர் யோசிக்கவே இல்லை. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக நிறம் போட்ட பட்டாளத்துக் கோட்டை எடுத்தார். கனம். காற்றே புகாது.

“யாரு கண்ணுல படக்கூடாதுன்னு இது?”

“யானை கண்ணுல.”

“யானை மூக்காலதான் பாக்கும், சார்.”

“சிறுத்தை?”

அவள் ஆணியில் தொங்கிய ஆரஞ்சுக் கோட்டை எடுத்து நீட்டினாள். முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது.

“தண்ணி உள்ள வருமே?” என்றார்.

“கொஞ்சம் வரும்.”

அவர் பச்சையையே மாட்டிக்கொண்டார். அவள் ஆரஞ்சைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

*

மூன்றாம் நாள் விடிந்ததும் ஏறினார்கள். முன்னால் பேச்சியம்மா, மஞ்சள் கோட்டில். நடுவில் அருளப்பன். பின்னால் இன்னொரு காவலர் வீரணன், அவரும் மஞ்சளில்.

புல்வெளியை அடைந்தபோது மழை தூறலாக இறங்கியிருந்தது. எதிரே பள்ளத்திலிருந்து பனி கிளம்பி வந்தது. மெதுவாக வரவில்லை. ஓடி வந்தது.

“முன்னால போற கால மட்டும் பாருங்க, சார்.”

ஒரு மணி நேரம் அவர் அவள் காலை மட்டுமே பார்த்து நடந்தார்.

வீரணனின் செருப்பு வார் அறுந்தது. அவர் குனிந்து முடிச்சுப் போட்டார். அந்த அரை நிமிடத்தில்தான் அருளப்பன் தலை நிமிர்ந்தார்.

இடப்பக்கம், ஈரப் பாறையின் விளிம்பில், வெள்ளையாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு.

பூ.

முப்பது வருடம் பலகையில் வரைந்த பூ. வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவருக்குப் பயம் மறந்தது. இரண்டடி எடுத்து வைத்தார்.

புல்லுக்கு அடியில் மண் இல்லை.

*

கத்தக்கூட நேரமில்லை. புல், கல், தண்ணீர், புல். பிறகு எதிலோ மோதி நின்றார்.

ஒரு மேடை மாதிரி இருந்தது. படுத்தால் கால் வெளியே தொங்கும் அகலம். கீழே எட்டிப் பார்த்தார். வெள்ளைப் பனி மட்டும் இருந்தது. அதற்குள் எங்கோ தண்ணீர் விழும் சத்தம்.

இடது கணுக்கால் திரும்பியிருந்தது.

கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினார். மறுபடி ஊதினார்.

“சார்!” பேச்சியம்மாவின் குரல். மேலேயிருந்தா, கீழேயிருந்தா? பனிக்குள் அது எல்லாப் பக்கமிருந்தும் வந்தது.

“இங்க! இங்க இருக்கேன்!”

அவர் குரலும் எல்லாப் பக்கமும் போயிருக்க வேண்டும். “எங்க சார்?” என்று வீரணன் எதிர்ச் சரிவிலிருந்து கேட்டார்.

நேரம் போயிற்று. உதடு நடுங்கி விசிலில் காற்று மட்டும் வந்தது. குரல் அடைத்துவிட்டது. பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டன.

அப்போது பனி ஓரிடத்தில் கிழிந்தது.

மஞ்சள்.

பேச்சியம்மா. இருபதடி மேலே, புல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் வழியும் தண்ணீர்கூட அவருக்குத் தெரிந்தது.

அவள் அவரைப் பார்த்தாள். நேராக, கண்ணுக்குக் கண்.

அவர் கையை அசைத்தார். அவள் பார்வை அவர்மேல் ஊர்ந்து, ஒரு பாறையைக் கடப்பதுபோல் கடந்து, அடுத்த புதருக்குப் போயிற்று.

பிறகு அவளும் போனாள்.

அருளப்பனுக்கு அதுவரை இருந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

தன்னையே குனிந்து பார்த்தார். பச்சை, பழுப்பு, பச்சை. சுற்றிலும் புல், மண், புல். தன் கை எங்கே முடிகிறது, சரிவு எங்கே தொடங்குகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

கோட்டைக் கழற்ற வேண்டும். உள்ளே வெள்ளைச் சட்டை.

கழற்றினால் இந்தக் குளிரில் எவ்வளவு நேரம்? அதை அவர் எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

கோட்டுக்கு மேலே பை இருந்தது. விரல்கள் செத்திருந்தன. கண்ணை மூடினார். நெஞ்சில் தடவினார். பெரிய கிளிப். உள்ளங்கையால் அழுத்தினார். இடுப்பில் இன்னொன்று.

பை நழுவியது. உள்ளே போர்வை, டார்ச், மருந்து, இரண்டு நாள் சாப்பாடு. அது பனிக்குள் போயிற்று. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

கோட்டின் ஜிப்பைப் பல்லால் இழுத்தார். மழை சட்டையில் பட்டதும் மூச்சு நின்றுவிட்டது. நிற்க முடியவில்லை. மண்டியிட்டு இரண்டு கைகளையும் தூக்கினார்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்கு நினைவில்லை.

“வீரணண்ணே! கயிறு! வெள்ளையா… அந்தா, வெள்ளையா தெரியுது!”

*

விடுதியில் அடுப்பு எரிந்தது. மூன்று கம்பளிக்குள் அருளப்பன் இருந்தார். கணுக்காலில் கட்டு. வீரணன் ஜீப்புக்குச் சொல்லப் போயிருந்தார்.

பேச்சியம்மா கருப்பட்டிக் காப்பியை அவர் வாயருகே பிடித்தாள். குடித்தார்.

“என்னைய நேராப் பாத்தீங்க,” என்றார் அருளப்பன்.

“தெரியல, சார். உங்கள எனக்குத் தெரியல.” அவள் தலை குனிந்தாள். “முந்தாநாளே அந்தக் கோட்டப் புடுங்கி வச்சிருக்கணும். வயசுல மூத்தவரு, படிச்சவருன்னு வாய மூடிக்கிட்டேன்.”

“நீங்க ஆரஞ்சு கோட்டக் காட்டத்தான் செஞ்சீங்க.”

“காட்டுனா போதுமா?”

அடுப்பில் ஈர விறகு சீறியது.

“எத்தன தடவ அந்தப் பக்கம் வந்தீங்க?”

“மூணு.”

“நான் பாத்தது ஒரு தடவதான்.”

“அதுக்கு முந்தி ஒண்ணு. பனி மூடியிருந்துச்சு.”

“ரெண்டு தடவ தேடிட்டு, அங்க இல்லன்னு முடிவு பண்ணித்தானே போனீங்க?”

“ஆமா.”

“வீரணன் என்ன சொன்னாரு?”

“அந்தப் பக்கம் இல்ல, ஓடைப் பக்கம் பாப்போம்னாரு. அவரு சொன்னது நாயந்தான்.”

“அப்புறம் எதுக்கு, அதே எடத்துக்கு மூணாவது தடவ?”

பேச்சியம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். வைக்கும்போது காப்பி தளும்பிக் கையில் கொட்டியது.

“உங்கள விட்டுட்டுக் கீழ எறங்கப் பயமா இருந்துச்சு, சார்.”